வலது பக்கம் நின்றவர்கள்

எனக்குச் சோறு போடுவது வாட்ஸ்அப். நான் அதில் எதையும் விற்பதில்லை. அதைக் கண்டு பயந்தவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள், அவ்வளவுதான்.

என் பெயர் றிஸ்னா. காத்தான்குடியில் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படம் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மணப்பெண்ணின் படம், அவள் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே கட்டாருக்குப் போய், அங்கே ஒரு தங்குமிடத்தில் பத்துப் பேர் பார்த்துக் கருத்தும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் பெண்கள் பகுதி வாசலில் ஒரு கூடை வைக்கிறார்கள். போன் எல்லாம் கூடைக்குள். டிஜிட்டல் கமெராவையும் நம்புவதில்லை. அதற்குள் இருப்பதை யாரும் பிரதி எடுக்கலாம். நான் பழைய பிலிம் கமெராவில் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறேன். நானே பாத்ரூமில் கழுவி, நானே அச்சுப் போட்டு, நெகட்டிவை ஆல்பத்தின் பின்னுறைக்குள் வைத்து மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிடுவேன். என்னிடம் ஒரு துண்டும் மிஞ்சாது. ஹஜ் மாதம் வரைக்கும் என் நாட்கள் நிரம்பிக் கிடக்கின்றன.

என்னைப் பற்றி ஊர் இரண்டு விசயம் சொல்லும். படம் நல்லம், வாய் கூடாது. இரண்டும் உண்மை. ஐம்பது பெண்களை ஒரே பக்கம் பார்க்கவைக்க வாய் வேண்டும். என் கணவர் நஸீர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். 'பிழை என்னுடையது' என்ற வசனத்தை என் வாயிலிருந்து கேட்கப் பதினான்கு வருடமாகக் காத்திருக்கிறாராம். காத்திருக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

ஸகியா என்ற மணப்பெண்ணின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் கமெராவின் பிலிம் இழுக்கும் பிடி இறுகிப்போனது. வாவிக் காற்றின் ஈரம் இரும்பைச் சும்மா விடாது. திருத்தக் கொழும்புக்கு அனுப்பினால் மூன்று கிழமை என்றார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, நஸீர் கடைகளுக்குப் போடும் சாறன் துணிக் கட்டுகளுடன் டவுனுக்குப் போனவர் பின்னேரம் ஒரு கமெராவோடு திரும்பி வந்தார். டவுனில் வினாயகமூர்த்தி என்பவர் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அலுமாரிக்குள் கிடந்ததாம்.

"அதே கமெராதான். பேரப் பாரு, மொடலப் பாரு," என்றார்.

அதே பெயர்தான். அதே வெள்ளித் தலை, அதே கறுப்புத் தோல், பொத்தானும் அதே இடத்தில். கம்பனியின் பெயரை நான் சொல்லமாட்டேன், எனக்கு அவர்கள் சம்பளம் தருவதில்லை. ஆனால் அந்தக் கம்பனி ஒரே பெயரில் ஒரே முகத்தோடு இரண்டு கமெராக்கள் செய்திருந்தது. முதலில் வந்ததற்குள் ஷட்டர் துணி. றப்பர் பூசிய இரண்டு கறுப்புத் துணிகள் பக்கவாட்டில் ஓடும். சில வருடம் கழித்து வந்ததற்குள் ஷட்டர் உலோகம். மெல்லிய தகடுகள் மேலிருந்து கீழே விழும். என்னுடையது தகடு. நஸீர் கொண்டுவந்தது துணி. பின்கதவைத் திறந்தவுடனேயே கண்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை, அதுதான் இன்றைக்கும் ஆத்திரம்.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். என் கமெரா 'டக்' என்னும். இது 'சளுக்' என்றது.

"சத்தம் வேற மாதிரி இரிக்கே," என்றார் நஸீர்.

"நீங்க சாறனப் பாருங்க. கமெராவ நான் பாக்கிறன்."

கமெராவின் அடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி, அதில் பேனையால் ஏதோ கிறுக்கியிருந்தது. புண் வந்த கமெராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கா போவது? வாசிக்காமலே உரித்து மேசைக் காலில் ஒட்டிவிட்டேன். வாவிக் கரையில் போய் ஒரு பிலிம் எடுத்துப் பார்த்தேன். தோணி, வலை, கம்பில் உட்கார்ந்த நீர்க்காகம், எல்லாம் பளிச்சென்று வந்தன. இனி என்ன பயம் என்றிருந்தேன். வெயிலில் பிளாஷ் தேவைப்படவில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கல்யாணம் சனிக்கிழமை. ஸகியாவுக்கு அவளுடைய உம்மா வாப்பா வாவிப் பக்கமாகக் கட்டிக் கொடுத்த புது வீட்டில்தான் எல்லாம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் மாப்பிள்ளையின் பெண்கள் விருந்தாளிகளாக வருவார்கள், எங்கே குறை இருக்கிறது என்று ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. பெண் வீட்டார் அதற்குத் தயாராக இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா கைறுன்னிஸா மாமி. மூன்று தெருவுக்கு அவர் வாய்தான் செய்தி. வந்ததும் வராததுமாக என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய மகள் ஸாலிஹா, கட்டாரில் புருசனோடு இருப்பவள், ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பியின் கல்யாணத்துக்கென்று நாலு நாள் லீவில் வந்திருந்தாள்.

"புள்ள, நீ எத்தின படமும் எடு. எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். ரெண்டு ஊட்டாரும் நிக்க, பொண்ணு நடுவில இரிக்க, நானும் ஸாலிஹாவும் பக்கத்தில பக்கத்தில. இவ நாளைக்கு நாலு மணிக்கு எயார்போட் வான் ஏறுறா. மறுகா எப்ப வருவாளோ அல்லாஹ்தான் அறிவான்."

"அது என்ட பொறுப்பு மாமி," என்றேன். அந்த வார்த்தையைச் சும்மா கொடுக்கவில்லை. ஸாலிஹா உம்மாவின் முந்தானையைச் சின்னப்பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு மனம் இளகிவிட்டது.

படத்துக்கு ஆட்களை நிறுத்தும்போதுதான் சண்டை தொடங்கியது. மணப்பெண்ணின் வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நிற்பதுதான் மரியாதை என்றார் கைறுன்னிஸா மாமி. ஸகியாவின் உம்மா அஸீமா ராத்தா விடவில்லை.

"ஊடு எங்கட, பொண்ணு எங்கட. வலப்பக்கம் நாங்க நிக்காம ஆரு நிக்கிற?"

பத்து நிமிடம் இழுபட்டது. அதற்குள் ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் வந்த பெண் வீட்டுச் சாச்சிமார், மாப்பிள்ளையின் மச்சிமாரோடு கலந்து நின்று நெத்தலிப் பொரியலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களை அப்படியே விட்டிருக்கலாம். அந்தக் கமெராவைக் கொண்டுவந்தது முதல் பிழை என்றால், இது இரண்டாவது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து கத்தினேன்.

"மாப்புள ஊட்டார் முழுப்பேரும் வலப்பக்கம். பொண்ணூட்டார் முழுப்பேரும் இடப்பக்கம். ஒராள் மாறி நிண்டாலும் நான் பையத் தூக்கிட்டுப் போயிடுவன்."

அரிசியையும் கல்லையும் போலப் பிரித்தேன். யார் கல் என்று நான் சொல்லவில்லை. கைறுன்னிஸா மாமி வென்ற முகத்தோடு வலப்பக்கம் போனார். அஸீமா ராத்தா இடப்பக்கம் நின்று, கடைசிப் படம் வரைக்கும் கமெராவைப் பார்க்காமல் எதிர் வரிசையை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நாற்காலியில் ஸகியா, இரண்டு பக்கமும் இடிமேகம் நிற்க, மூச்சு விடாமல் இருந்தாள்.

வெளியில் ஆண்கள் நடமாட்டம் என்று யன்னல் சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. அறை கும்மிருட்டு. அதனால் எல்லாக் கூட்டப் படத்துக்கும் பிளாஷ். ஷட்டர் வேகத்தை என் வழக்கப்படி நூற்றிருபத்தைந்தில் வைத்தேன். என் தகட்டுக் கமெராவில் அந்த எண் சிவப்பு நிறத்தில் இருக்கும், பிளாஷுக்கு அதுதான் என்று. இதில் சிவப்பு ஒன்றும் இல்லை. கை பழக்கத்தில் போய்விட்டது.

மூன்றாவது படத்தில் கைறுன்னிஸா மாமி கையைத் தூக்கினார்.

"புள்ள, போன வரியம் என்ட மச்சிட மகள்ட கலியாணத்துக்கும் நீதானே வந்த. அண்டைக்கு உண்ட கமெரா 'டக்' எண்டிச்சி. இது 'சளுக்' எண்டுது. அதுக்குச் சுகமில்லையா?"

"சத்தத்த நான் பாத்துக்கொள்றன் மாமி. நீங்க சிரிங்க."

ஞாயிறு காலையில் பிலிமைக் கழுவினேன். ஸாலிஹா போக முன் ஒரு படமாவது கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற ரோசம். ஈரப் பிலிமைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முற்றத்து வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் ஸகியாவைத் தனியாக எடுத்தவை அச்சொட்டாக இருந்தன. அதற்குப் பிறகு கூட்டப் படங்கள். பதினாலு. பதினாலிலும் ஒரு பாதி வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது. நெகட்டிவில் கண்ணாடி என்றால் அச்சில் கறுப்பு.

அஸீமா ராத்தாவும் அவருடைய ஆட்களும் முழுசாக இருந்தார்கள். ஸகியாவின் முகம் இருந்தது. அவளுடைய வலது தோளுக்கு அங்கால் ஒன்றுமில்லை. சண்டை பிடித்து வலப்பக்கத்தை வாங்கிய கைறுன்னிஸா மாமி இல்லை, ஸாலிஹா இல்லை, ஒரு மச்சி கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டாரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி இருந்தது.

வினாயகமூர்த்திக்குப் போன் எடுத்தேன்.

"அது துணி ஷட்டர் அல்லோ தங்கச்சி," என்றார் அவர் ஆறுதலாக. "பிளாஷ் எண்டா அறுவதுக்கு மேல போகக் கூடாது. அடியில பிளாஸ்டர் ஒட்டி எழுதியே விட்டிருந்தனே. வாசிக்கல்லையா?"

மேசைக் காலில் குனிந்து பார்த்தேன். 'பிளாஷ் எண்டா 60. 125 வேணாம்.' கையெழுத்துக் கூட மோசமில்லை.

நஸீர் இடியப்பத்தை வைத்துவிட்டு வந்து நெகட்டிவைப் பார்த்தார். மனிதன் துணி வியாபாரி. என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் விளங்கிக்கொண்டார்.

"முதல் துணி ஓடி முடிய முந்தி ரெண்டாவது துணி பின்னால வெளிக்கிட்டிட்டுது. பிளாஷ் அடிக்கக்குள்ள பாதிய அது மூடிட்டுது. என்ன?"

அதுவேதான். வேகம் குறைவென்றால் முதல் துணி முழுக்க விலகி, கதவு முழுசாகத் திறந்து நிற்கும், அந்த நேரம் பிளாஷ் மின்னும். வேகம் கூடினால் இரண்டாவது துணி விரட்டிக்கொண்டு வந்துவிடும். தகடு அப்படியில்லை. அது குறுக்குவழியில் மேலிருந்து கீழே போவதால் நூற்றிருபத்தைந்திலும் கதவு முழுசாகத் திறக்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு நான் இதைச் செய்திருந்தேன். சத்தம் வேறு என்று அவர் முதலே சொன்னதை நஸீர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தியிருந்தால் சண்டை பிடித்தாவது மனதை ஆற்றியிருப்பேன்.

மணி ஒன்பது. நாலு மணிக்கு வான். ஏறாவூர், ஓட்டமாவடி ஆட்கள் இரவே போய்விட்டார்கள். எல்லாரையும் திரும்ப நிறுத்துவது நடக்காத காரியம். பிலிம் பழுது என்று சொல்லலாமா, மருந்து பழுது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே பிலிமைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு துண்டு சுருண்டு தலைகீழாக மற்றத் துண்டின் மேல் விழுந்தது. ஒன்றின் கண்ணாடிப் பாதி மற்றதின் படப் பாதிக்கு மேல். கண்ணாடிக்குள்ளால் கீழே இருந்த ஆட்கள் அப்படியே தெரிந்தார்கள்.

நான் அந்த இரண்டு துண்டையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கமெராவைத் தலைகீழாகப் பிடித்து, அதே பிழையான வேகத்தில், அதே இடத்தில் மாப்பிள்ளை வீட்டாரை மட்டும் எடுத்தால் கறுப்பு மற்றப் பாதிக்குப் போய்விடும். இரண்டு நெகட்டிவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அச்சுப் போட்டால் முழுப் படம். வழி இருந்தது. ஆனால் அதற்கு நான் கைறுன்னிஸா மாமியிடம் போக வேண்டும்.

நஸீரின் மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே ஸாலிஹாவின் சூட்கேஸைத் தராசில் தூக்கி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுப் பார்சல் ஒன்றால் நிறை கூடவாம். கைறுன்னிஸா மாமி நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாலையும் பார்த்தார்.

"எங்கட ஆக்கள் எங்க?"

நான் கண்ணாடியாகக் கிடந்த பாதியை விரலால் காட்டினேன்.

"ஒராளும் இல்ல. எங்கட பக்கம் மட்டும் இல்ல." அவருடைய குரல் தாழ்ந்துகொண்டு போனது. கத்தியிருந்தால் நல்லது. "இது அஸீமாட வேலையா? அவதான் சொல்லி வெச்சவவா?"

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும். பொய் கூடச் சொல்லத் தேவையில்லை. பழி தானாக ஒழுங்கைச் சந்துக்கு அங்கால் போய் அஸீமா ராத்தாவின் வாசலில் உட்கார்ந்துவிடும். என் பெயர் தப்பும். ஸகியா ஆயுள் முழுக்க அந்தப் பழியோடு இந்த மாமியாருக்கு மருமகளாக இருப்பாள். இடிமேகத்துக்கு நடுவில் மூச்சு விடாமல் இருந்த அந்த முகம் நெகட்டிவில் வெள்ளைக் கண்ணோடு என்னைப் பார்த்தது.

"இல்ல மாமி. அஸீமா ராத்தா ஒண்டும் செய்யல்ல. பிழ என்ட."

"என்ன சொன்ன?"

"பிழ என்ட. கமெரா மாறினத்துக்கு வேகத்த மாத்தணும், நான் மாத்தல்ல. நீங்க சத்தத்தச் சொல்லக்குள்ளயும் கேக்கல்ல."

வாசலில் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பதினான்கு வருடம் காத்திருந்த மனிதன், பாவம், ஸ்டாண்டைப் போட மறந்துவிட்டார்.

கைறுன்னிஸா மாமி என்னையும் பார்த்தார், நெகட்டிவையும் பார்த்தார். "கறுப்பு விழுந்தது எந்தப் பக்கம்?"

"பொண்ணுக்கு வலது பக்கம், மாமி."

"நான் சண்ட புடிச்சி வாங்கின பக்கம்."

"ஓம்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்து போனேன். பிறகுதான் தெரிந்தது சிரிப்பு என்று. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கருவாட்டுப் பார்சலின் மேல் கையை ஊன்றிச் சிரித்தார். ஸாலிஹாவும் சிரிக்கத் தொடங்கினாள். நான் மட்டும் சிரிக்காமல் நின்று, தலைகீழாகக் கமெராவைப் பிடிக்கிற கதையைச் சொல்லி முடித்தேன்.

"ஸாலிஹா, சூட்கேஸத் திற," என்றார் மாமி. "நேத்து உடுத்த சாறிய எடு."

லுஹர் தொழுகை முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேர், நேற்றைய உடுப்பில், நேற்றைய நகையில், பட்டப்பகலில் ஒழுங்கையால் நடந்து ஸகியாவின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அஸீமா ராத்தா திகைத்துப் போனார். அவரிடமும் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தரம் அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

நாற்காலி அதே இடத்தில் இருந்தது. என் கமெராக் கால் நின்ற இடத்தில் நான் ஒட்டிய சிவப்பு டேப்பும் இருந்தது. ஆனால் யார் எங்கே நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஞாபகமில்லை. அஸீமா ராத்தாவுக்கு இருந்தது.

"கிளிப்பச்சச் சாறி இஞ்ச. இவட முழங்கை இந்த மனிசிட தோளில முட்டிச்சி. கண்ணாடி போட்ட ராத்தா பின் வரிசயில ரெண்டாவது, தலயச் சரிச்சிட்டு நிண்டவ. மாமி, நீங்க ஒரு அடி முன்னால, ஸாலிஹாட வலக் கை உங்கட முதுகில."

பதினெட்டுப் பேரையும் ஒரு பிழை விடாமல் நிறுத்தினார். ஒரு நாள் முழுக்க முறைத்துப் பார்த்த பலன். கைறுன்னிஸா மாமி அசந்து போனார்.

"இவ்வளவு வடிவா எங்களப் பாத்திரிக்கியே அஸீமா."

"வேற என்ன வேல இருந்திச்சி எனக்கு," என்றார் அஸீமா ராத்தா, முகத்தை மாற்றாமல்.

கமெராக் காலின் கழுத்தைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினேன். கமெரா வௌவால் மாதிரித் தொங்கியது. நான் தரையில் முழங்காலிட்டுக் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிளாஷைக் கமெராவோடு விட்டால் வெளிச்சம் கீழிருந்து போய் எல்லாரையும் பேயாக்கிவிடும். நீண்ட வயரில் கழற்றி அஸீமா ராத்தாவிடம் கொடுத்து ஒரு ஸ்டூலில் ஏற்றினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு வெளிச்சம் பிடிக்கும் வேலை அவருக்கு வந்தது. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பிடித்தார்.

ஸகியாவிடமிருந்து எனக்கு வேண்டியது வலது கை மட்டும். நேற்றைய படத்தில் முகமும் மற்றப் பாதியும் இருக்கின்றன. அதனால் கல்யாணச் சட்டையின் வலது கையை மட்டும் போட்டு, வீட்டுக் கவுனோடு நாற்காலியில் இருந்தாள். தலையிலிருந்து இடப்பக்கம் முழுக்க ஒரு கறுப்பு அபாயாவால் மூடினேன், கறுப்பு பிலிமில் விழாது. மருதாணிக் கை ஒன்று மட்டும் மணப்பெண். கமெராவுக்குத் தெரியாத மற்றப் பாதியில் பிள்ளைகள் குதித்தார்கள், யாரோ தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அபாயாவுக்குள் ஸகியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியே ஆடியது.

"ஆடாம இரி மகள்," என்று கைறுன்னிஸா மாமி அவளுடைய மருதாணிக் கையை எட்டிப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து அமத்தினார்.

நேற்று அந்தக் கை மடியில் தனியாகக் கிடந்தது, எனக்கு நல்ல ஞாபகம். விடுங்க மாமி, நேத்து அப்பிடி இல்ல என்று சொல்ல என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறை யாரும் சொல்லாமல் நானாக மூடியது.

வேகம் நூற்றிருபத்தைந்து. சளுக். சளுக். சளுக். மூன்று படம். பிறகு அறுபதில் வைத்து மாமியையும் ஸாலிஹாவையும் தனியாக எடுத்தேன். நாலு மணிக்கு வான் வந்தது. ஸாலிஹா அந்தச் சாறியோடேயே ஏறினாள், மாற்ற நேரமிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் பாத்ரூம் யன்னலை அடைத்துவிட்டு இரண்டு நெகட்டிவையும் சேர்த்து வைத்தேன். முதல் இரண்டும் பொருந்தவில்லை. ஒன்றில் நாற்காலிக்கு இரண்டு தலை, மற்றதில் நடுவில் ஒரு பள்ளம். மூன்றாவதை மயிரளவு மயிரளவாக நகர்த்தி, தாளில் வெளிச்சத்தைக் காட்டி, மருந்துத் தட்டில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் சாறிக் கரைகள் வந்தன, பிறகு முகங்கள். ஸகியாவின் இடது பக்கம் ஏறாவூரும் ஓட்டமாவடியும். வலது பக்கம் கைறுன்னிஸா மாமியும் ஸாலிஹாவும், ஒருவரில் ஒருவர் சாய்ந்து. நடுவில் நூல் தடிமனில் ஒரு வெளிச்சக் கோடு. கோட்டுக்கு இங்கால் சனிக்கிழமை மூச்சு விடாமல் இருந்த ஸகியாவின் முகம். கோட்டுக்கு அங்கால் அவளுடைய கை, மாமியாரின் இரண்டு கைக்குள். கதவைத் தட்டி நஸீரைக் கூப்பிட்டு, "சத்தம் வேறெண்டு நீங்க சொன்னது சரி," என்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வீட்டில் விருந்து. ஆல்பத்தோடு போனேன். கட்டாருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட ஒரு படம் தனி உறையில். கைறுன்னிஸா மாமி கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஆல்பத்தை மடியில் வைத்தார். அந்தப் படத்தில் நின்றுவிட்டார். முதலில் ஸாலிஹாவின் முகத்தைத் தொட்டார். பிறகு விரல் கோட்டுக்கு வந்தது.

"இதென்ன புள்ள கோடு?"

"ரெண்டு நாளும் ஒட்டின இடம் மாமி. தூரிகையால மறைச்சிடலாம். நாளைக்கு வேற ஒண்டு போட்டுத் தாறன்."

அவருடைய விரல் கோட்டைத் தாண்டி அந்த மூன்று கைகளுக்குப் போனது. விருந்துச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காத மாதிரி மெல்லச் சொன்னார்.

"கலியாணத்தண்டு நான் இவட கையப் புடிக்கல்ல. வலப்பக்கத்தத்தான் புடிச்சன்."

ஸகியா சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோறு வைத்துக்கொண்டு நின்றவள் திரும்பிப் பார்த்தாள். மாமி அவளைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னார். பிறகு ஆல்பத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, பாதிக் கறுப்போடு கிடந்த மற்றக் கூட்டப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதுகளையும் அப்பிடி எடுக்கேலுமா? நாங்க திரும்பவும் உடுத்திட்டு வாறம்."